மழைக்கு முன்னால் கொல்லைப்பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர், கூத்தப்பாக்கம், கடலூர்)

புரட்டாசி பிறந்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். ஆடியில் விதை பற்றிக் கேட்டவர்களும் ஆவணியில் பூச்சி பற்றிக் கேட்டவர்களும் இப்போது மழையைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். நம் கடற்கரைக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. அதனால் இந்த முறை மழைக்கு முந்தைய வேலைகள் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

போன மாசம்தான் ஒரு பழைய வீட்டுக்குக் குடி வந்தோம். பின்பக்கம் ஒரு மாமரம், ஒரு வேப்பமரம், இரண்டு தென்னை, நிறைய குப்பை. மழைக்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது? – வாசகி, ரெயின்போ நகர், புதுச்சேரி

தண்ணீர் வெளியே போகிற மூலையிலிருந்து ஆரம்பியுங்கள், அம்மா. பெரும்பாலானவர்கள் கண்ணில் படும் குப்பையை முதலில் கூட்டுவார்கள், செடியை வெட்டுவார்கள், கடைசியில் நேரம் இருந்தால் வாய்க்காலைப் பார்ப்பார்கள். உங்கள் பகுதி தாழ்வானது. நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் வாக்கில் பெய்தது. அப்படியானால் அந்த மாடியிலிருந்து மட்டும் நாற்பதாயிரம் லிட்டருக்கு மேல் உங்கள் கொல்லையில் இறங்கியிருக்கும். அவ்வளவும் ஒரு சுவர் ஓட்டை வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். அந்த ஓட்டைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் பையும் நாலு மாவிலையும் கிடந்தால் போதும், தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும்.

எனவே முதல் வேலையாக அந்த ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். பழைய வீடுகளில் மண் ஏறி அது மூடியே போயிருக்கும். மண்ணை வாரிவிட்டு, எலி வராதபடி இரும்பு வலை வைத்து, வலைக்கு ஒரு முழம் முன்னால் நாலைந்து செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்குங்கள். சருகு செங்கல்லில் தங்கிவிடும், வலை அடைக்காது. அப்புறம் ஒரு குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிற்கிற இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். முதல் மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மண்வெட்டியால் அரை அடி அகலத்துக்கு ஒரு சின்ன ஓடை கீறினாலே பாதி தேக்கம் வடிந்துவிடும்.

இரண்டாவது வேலை மரம். மாமரத்திலும் வேம்பிலும் காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, கூரைக்கு மேல் நீண்டுவிட்ட கிளை, இந்த மூன்றை மட்டும் எடுங்கள். 'புயல் வரப்போகுது, மொட்டை அடிச்சிடலாம்மா' என்று மரம் வெட்டுகிறவர் சொல்வார். சம்மதிக்காதீர்கள். மொட்டை அடித்த மரம் அடுத்த வருடம் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தத் துளிர்க் கிளைகளுக்குப் பிடிமானம் இருக்காது, காற்றில் அவைதான் முதலில் பிய்ந்து விழும். மரத்துக்குள்ளே காற்று புகுந்து போக வழி இருந்தால் போதும். எப்படிப் பார்த்தாலும் மொத்தப் பசுமையில் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

கனமான கிளையை ஒரே வெட்டில் அறுக்கக் கூடாது. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பத்தால் அறுங்கள். அதற்குக் கொஞ்சம் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக முறிந்து விழும். மிச்சம் நிற்கும் கட்டையை, அடிமரத்தோடு சேருமிடத்தில் இருக்கும் புடைப்பைக் காயப்படுத்தாமல், அதை ஒட்டி எடுக்க வேண்டும். அடிப்பக்கம் அறுக்காமல் விட்டால் கிளை விழும்போது பட்டையையும் நீளமாக உரித்துக்கொண்டு போகும். அந்தக் காயத்தில் மழைநீர் இறங்கி அடிமரமே சொத்தையாகிவிடும். மின்கம்பிக்கு அருகில் இருக்கும் கிளையில் கை வைக்காதீர்கள். மின்துறையில் சொல்லி, இணைப்பை நிறுத்திய பிறகுதான் வெட்ட வேண்டும்.

தென்னையில் காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை, முற்றின காய் ஆகியவற்றை இறக்குங்கள். பச்சை மட்டையை வெட்ட விடாதீர்கள். நல்ல தென்னைக்கு முப்பதுக்கு மேல் விரிந்த மட்டைகள் இருக்க வேண்டும், மரம் சமைத்துச் சாப்பிடுவது அவற்றில்தான்.

குப்பை கூட்டுவது இதற்கெல்லாம் பிறகு. கொட்டாங்குச்சி, பழைய டயர், உடைந்த தொட்டி, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு என்று ஒன்றையும் விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். அதன் முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கம் நார் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

நான் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே அக்டோபர் வந்தால் தெருவே சேர்ந்து தோட்டத்து இலையைக் கூட்டி அள்ளுகிறது. முத்தியால்பேட்டையில் அம்மாவின் தோட்டத்திலும் இப்போது இலையெல்லாம் அள்ளிச் சுத்தம் செய்யச் சொல்லவா? – வாசகர், பிரான்ஸ்

வேண்டாம், தம்பி. அங்கே குளிர் வருவதற்கு முன் மரங்கள் ஒட்டுமொத்தமாக இலையைக் கொட்டுகின்றன. புல்தரையில் அது ஈரத்தோடு படிந்தால் புல் மூச்சுத் திணறி அழுகும், அதனால் அள்ளுகிறார்கள். நம் ஊரில் வேம்பு, புங்கன், அரசு எல்லாம் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். நாட்டு பாதாம் மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை கொட்டும். புரட்டாசியில் கீழே கிடப்பது சாதாரணமாக உதிர்ந்த சருகுதான். அது மண்ணுக்கு வேண்டும். ஐப்பசி மழைத்துளி வெறும் மண்ணில் அடித்தால் மேல்மண் கரைந்து ஓடும்; சருகு போர்த்தியிருந்தால் ஓடாது.

நடைபாதையிலும் வாய்க்காலிலும் கிடப்பதை மட்டும் கூட்டி, மரத்தடியிலும் செடியடியிலும் பரப்பச் சொல்லுங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடைவெளி விடட்டும். மிஞ்சுவதை மேடான இடத்தில் செங்கல்லை வட்டமாக அடுக்கி, உள்ளே கொட்டி, இடையிடையே சாணிக்கரைசல் தெளித்து, மேலே ஒரு பழைய தார்ப்பாய் போடட்டும். இந்தப் பருவத்தில் மக்குக்குழி தோண்டக் கூடாது. குழியில் தண்ணீர் நிறைந்து நாற்றம் அடிக்குமே தவிர மக்காது.

கொளுத்த மட்டும் விடாதீர்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் தோட்டக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதே தடை. இங்கேயும் திறந்த வெளியில் குப்பை எரித்தால் அபராதம் என்று 2016-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆனாலும் சாயங்காலமானால் தெருவுக்குத் தெரு புகை. ஒரு கூடை சருகு எரிந்தால் ஒரு கூடை எரு போச்சு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருமல்.

'எதுக்கு இந்த வேலை எல்லாம், கொல்லை முழுக்க சிமென்ட் போட்டுடலாம்' என்கிறார் என் மருமகன். மழைக்கு முன் போட்டுவிடலாமா? – வாசகர், செம்மண்டலம், கடலூர்

தயவுசெய்து போடாதீர்கள், ஐயா. உங்கள் மருமகன் நல்லதற்குத்தான் சொல்கிறார், ஆனால் விளைவு எதிர்மாறாக இருக்கும். மண் குடிக்க வேண்டிய தண்ணீரை சிமென்ட் தரை தெருவுக்குத் தள்ளும். தெருவில் எல்லா வீட்டுத் தண்ணீரும் சேர்ந்தால் உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். நாம் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நிலத்தடியில் நல்ல தண்ணீர் குறையக் குறைய உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். கடலூரில் கிணற்றுத் தண்ணீரின் ருசி மாறிப்போன தெருக்களை நான் அறிவேன். அதைப் பார்த்த பிறகு கொல்லையை மூடச் சொல்ல எனக்கு மனம் வராது. நடக்கிற வழிக்கு மட்டும் கல் பதியுங்கள்.

அதைவிட முக்கியம், உங்கள் மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் திறந்து பாருங்கள். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது கட்டிய பல தொட்டிகள் அதன் பிறகு திறக்கப்படவே இல்லை. மேல் மணலில் சேறு படிந்து மெழுகியதுபோல் இறுகியிருக்கும். அந்த மணலை அள்ளிப் போட்டுவிட்டுப் புது ஆற்று மணல் போடுங்கள். கீழே இருக்கும் ஜல்லியை வெளியே எடுத்து, கழுவி, புரட்டாசி வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். மாடியை நன்றாகக் கூட்டிவிட்டு, முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே விடுங்கள். இரண்டு ஆள் வேலை, ஒரு நாளில் முடிந்துவிடும்.

எங்கள் வீட்டு முருங்கை ஒவ்வொரு வருடமும் கார்த்திகைக் காற்றில் முறிந்து விழுகிறது. முன்கூட்டியே வெட்டலாமா? – வாசகி, நெல்லிக்குப்பம்

கட்டாயம் வெட்டுங்கள். மற்ற மரங்களுக்கு மொட்டை கூடாது என்று மேலே சொன்னேன், முருங்கைக்கு அது பொருந்தாது. முருங்கைக் கட்டை மிருதுவானது, உயரம் போனால் தாங்காது. இப்போது மூன்று, நான்கு அடி உயரத்தில் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் பசுஞ்சாணியை அப்பிவிடுங்கள். சாய்வாக வெட்டினால்தான் தண்ணீர் தங்காது. வெட்டிய கிளையில் மணிக்கட்டுப் பருமனுள்ள போத்துகளை எடுத்து, மேடான இடத்தில் நட்டு வைத்தால் இந்த மழையிலேயே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் நிற்கும் இடத்தில் நட்டால் அழுகிவிடும்.

மழை தொடங்கியதும் கம்பளிப்பூச்சி வரும். பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அப்போதே ஒரு குச்சியால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். தீப்பந்தம் காட்டும் வழக்கம் உண்டு, ஆனால் இளம் பட்டை கருகிவிடும் என்பதால் நான் சொல்வதில்லை.

தென்னங்குருத்தை வண்டு துளைக்கிறது. மழைக்கு முன்னால் உரம் வைத்தால் மரம் தேறுமா? – வாசகர், அரியாங்குப்பம்

இரண்டு கேள்வி இதில் இருக்கிறது. உரம் இப்போது வேண்டாம். உங்களுடையது மணற்பாங்கான நிலம், ஐப்பசி மழை உரத்தை வேருக்குக் கீழே இறக்கிவிடும். மானாவாரித் தென்னைக்கு ஆனி, ஆடியில் ஒரு பாதி, மார்கழி, தையில் மறு பாதி என்பதுதான் முறை. மழை ஓய்ந்ததும் அந்த இரண்டாவது பாதியைக் கொடுங்கள்.

குருத்து விரியும்போது மட்டையில் கத்தரியால் முக்கோணம் வெட்டியதுபோல் இருந்தால் அது காண்டாமிருக வண்டுதான். அது வளர்வது மரத்தில் அல்ல, உங்கள் எருக்குவியலில். குவியலைக் கிளறிப் பாருங்கள். கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, வளைந்து சுருண்டு கிடக்கும் புழு அகப்படும். வெளியே எடுத்துப் போட்டால் கோழி ஒன்றையும் விடாது. மழைக்கு முன் குவியலை முழுக்கப் புரட்டி, மக்கிய எருவைச் செடிகளுக்குப் போட்டு இடத்தைக் காலி செய்யுங்கள். பட்டுப்போய் விழுந்த தென்னங்கட்டையையும் கொல்லையில் வைத்திருக்காதீர்கள், அதிலும் முட்டையிடும்.

மரத்துக்கு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்குமாகக் கலந்து, ஒரு மரத்துக்கு 150 கிராம் அளவில் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடச் சொல்லுங்கள். வண்டுக்குப் பொறி வேண்டுமானால், ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து மண்பானையில் வைத்தால் அந்த வாடைக்கு வந்து விழும். ஆட்கள் காய் பறிக்க ஏறுகிற அன்றே இடுக்கில் தூள் போடும் வேலையையும் முடித்துக்கொண்டால் கூலி மிச்சம்.

குண்டுமல்லியை மழைக்கு முன் கவாத்து செய்யலாமா? – வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பொறுங்கள். நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகையில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்ட வேண்டும். அன்று புயல் எச்சரிக்கை இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. இப்போதைக்குச் செடியடியில் தண்ணீர் தேங்காமல் மண் அணைத்தால் போதும்.

ராட்சத நத்தைகள்! ஒரே இரவில் செடியை மொட்டையாக்குகின்றன. உப்பைத் தூவலாமா? – வாசகி, ரெட்டியார்பாளையம், புதுச்சேரி

மண்ணில் உப்பைக் கொட்டாதீர்கள், நத்தை போய் செடியும் போய்விடும். அது ஆப்பிரிக்க நத்தை. முதல் மழைக்கு முன்னாலேயே தேட வேண்டும். இப்போது செங்கல் அடியிலும் சுவர் இடுக்கிலும் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஈரம் பட்டதும் கிளம்பும். மண்ணைக் கிளறும்போது ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாகக் குவிந்து கிடந்தால் அவை அதன் முட்டைகள், அப்படியே அள்ளி அழித்துவிடுங்கள்.

மழை தொடங்கிய பிறகு, சாயங்காலம் சாக்கை நனைத்துப் போட்டு, அதன் அடியில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் கழிவும் வையுங்கள். விடியும்போது அடியில் கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போட்டு, பிறகு ஆழமாகப் புதைத்துவிடுங்கள். உங்கள் தெருவே சேர்ந்து செய்தால்தான் பலன், நத்தைக்குச் சுவர் ஒரு தடை இல்லை. குழந்தைகள் அதைத் தொட்டு விளையாடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. மூளையைத் தாக்கக்கூடிய ஒரு புழு அதன் உடம்பில் இருக்கலாம். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

மழைக்காலத்தில் வீட்டைச் சுற்றிப் பாம்பு வருகிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். – வாசகர், பாகூர்

வயலில் தண்ணீர் ஏறினால் எலி மேட்டுக்கு வரும், எலியின் பின்னால் பாம்பு வரும். உங்கள் கொல்லையில் அதற்குத் தங்க இடம் இல்லாமல் செய்வதுதான் வழி. வீடு கட்டி மிஞ்சிய செங்கல், விறகு, ஓடு எதையும் சுவரோடு சேர்த்து அடுக்காதீர்கள். தள்ளி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கட்டை போட்டு அதன் மேல் அடுக்குங்கள். இந்தக் குவியலைப் பிரிக்கும் வேலையைப் பகலில், காலணி போட்டு, நீளக் கம்பால் தட்டிய பிறகு செய்யுங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் குழாய்க்கு வலை போடுங்கள். ராத்திரி பின்பக்கம் போக டார்ச் லைட் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

சாரைப்பாம்புக்கு விஷம் இல்லை, எலியைத் தின்கிறது, விட்டுவிடுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கும்தான் ஆபத்து. கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். உங்களுக்கு ஜிப்மர் இருக்கிறது. மந்திரிக்கிறவரிடம் போய் ஒரு மணி நேரம்கூட வீணாக்காதீர்கள்.

வீட்டில் இரண்டு வயதுப் பலாக்கன்று இருக்கிறது. புயலுக்கு என்ன பாதுகாப்பு? – வாசகர், பண்ருட்டி

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் உங்கள் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கன்றுக்கு இரண்டு பக்கமும் கம்பு நட்டு, துணிக்கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். கொஞ்சம் அசைந்தாடினால்தான் வேர் வலுக்கும். அடியில் மண் அணைத்து மேடாக்குங்கள், பலா வேருக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது.

2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் எங்கள் கிணற்றுக்குள் புகுந்துவிட்டது. இந்த வருடம் முன்கூட்டி என்ன செய்யலாம்? – வாசகி, கடலூர்

சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்த அந்த நாட்களில் உங்களைப்போல் நிறைய பேர் தவித்தார்கள். கிணற்றுச் சுவரை போன வெள்ளத்தின் கறைக்கு ஒரு அடி மேலே உயர்த்திக் கட்டி, சுற்றிலும் வெளிப்பக்கம் சரிகிற மாதிரி தளம் போடுங்கள். மேலே மூடி வையுங்கள். எருக்குவியலையும் மாட்டுக் கொட்டகைக் கழிவையும் கிணற்றுப் பக்கமிருந்து இப்போதே தள்ளி வையுங்கள்.

அப்படியும் புகுந்துவிட்டால் இறைத்துச் சேற்றை எடுத்து, புதுத் தண்ணீர் ஊறித் தெளிந்த பிறகு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். தெளிந்த தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், நல்ல புதுப் பவுடராக இருக்க வேண்டும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்ததும் மேல் தண்ணீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள். வெள்ளம் வந்த கிணற்றுக்கு அளவு கூடுதலாகத் தேவைப்படும். சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

எல்லாம் சுத்தம் செய்துவிட்டேன். காலியாக இருக்கும் பாத்தியில் இப்போது என்ன விதைக்கலாம்? – வாசகி, வில்லியனூர்

சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை விதைக்காதீர்கள், கனமழையில் முளை அழுகிவிடும். ஈரம் பிடிக்கும் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் வைக்கலாம். ஆடியில் போட்ட அவரைக் கொடி இருந்தால் பந்தல் காலைக் கெட்டிப்படுத்துங்கள், குளிர் வந்ததும் பூக்க ஆரம்பிக்கும்.

மிச்ச இடத்தில் இப்போதே பாத்தியை ஒரு சாண் உயரத்துக்கு மேடாக்கி, எருப் போட்டு, சருகால் மூடி வையுங்கள். கார்த்திகையில் கத்தரி, மிளகாய் விதையைத் தாழ்வாரத்தில் தட்டில் விதைத்தால் மார்கழிக் கடைசியில் நாற்று தயார். கத்தரி, மிளகாய் நாற்றை அடர்த்தியாக விட்டால் கழுத்தில் அழுகும், அதனால் விதையை விரலிடை விட்டுப் போடுங்கள், தட்டின் அடியில் ஓட்டை இருக்கட்டும்.